ஒன்பது கிராம்

மனித குலத்தின் நாளை வெறும் ஒன்பது கிராமில் அடங்கியிருக்கிறது.

அந்த ஒன்பது கிராமை மணமகன் அறைக் கட்டிலில், கல்யாண மாப்பிள்ளையின் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் பல்லால் வயர் சீவிக்கொண்டிருந்தார்.

சர்வோ மோட்டார். தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும். சொன்ன கோணத்துக்குத் திரும்பும். சொன்ன இடத்தில் நிற்கும்.

நிற்க வேண்டும்.

கீழே மண்டப வாசலில், வாழை மரத்துக்குப் பக்கத்தில் ரோபோ நின்றது. பட்டு வேட்டி, ஜரிகைத் தலைப்பாகை. வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்.

மச்சினனின் கல்யாண வரவேற்பு.

பன்னீர் தெளிக்கப் பெண்பிள்ளைகளை நிறுத்த வேண்டாம், என் ரோபோ தெளிக்கும் என்று நிச்சயதார்த்தத்தன்றே அறிவித்தவர் அவர். மைக்கில். மாமனார் அதை நம்பிப் பத்திரிகையிலேயே போட்டுவிட்டார்.

‘பன்னீர் உபசாரம்: மூத்த மாப்பிள்ளை அவர்களின் விஞ்ஞான முறையில்.’

வாரநாளில் அவர் காப்பீட்டுக் கிளை மேலாளர். விஞ்ஞானம் ஞாயிற்றுக்கிழமை.

அன்றிலிருந்து மோட்டார்கள் வந்தன. ஒவ்வொன்றாய் அவரைக் கைவிட்டன. எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. நாலு ஆட்டம் ஆடும். பிறகு மோட்டாரில் செருகிய வெள்ளைக் கை மெல்ல மெல்ல வெளியே வந்து கழன்றுவிடும்.

பிளாஸ்டிக் பல்சக்கரம் வைத்தது வாங்கினார். கழன்றது.

உலோகப் பல்சக்கரம் வைத்தது வாங்கினார். கழன்றது.

எல்லாவற்றிலும் விலை கூடியதை வாங்கினார். அதுவும் கழன்றது, சற்று மரியாதையாக.

வாங்கிய இணையதளத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். கீழே ஒரு பத்தி. ‘முறுக்கு விசையில் அடிப்படை நேர்மை இல்லை.’ ரோபோ ஆர்வலர் குழுவில் ‘நம்பகமான சர்வோவைத் தேர்ந்தெடுப்பது எப்படி’ என்று ஒரு தொடரே எழுதினார். நிறையப் பேர் கட்டை விரல் உயர்த்தினார்கள்.

மோட்டாரோடு கடுகுப் பொட்டலம் மாதிரி ஒரு பாலிதீன் உறையும் வரும். உள்ளே சின்னச் சின்னக் கைகளும் சில்லறைச் சாமான்களும். அதைப் பிரிப்பவர்கள் கற்றுக்குட்டிகள் என்பது அவர் கருத்து. பிரிக்காமல் கருவிப் பையில் போட்டுவிடுவார். வெள்ளைக் கையை அவரே வரைந்து, முப்பரிமாண அச்சில் எடுத்திருந்தார். மாதிரிப் படத்தில் நடுவே ஒரு ஓட்டை இருந்தது. அவரும் விட்டிருந்தார்.

கதவு திறந்தது. சகலை ரங்கராசு. பொள்ளாச்சியில் போர்வெல் மோட்டார் கடை.

“என்னங்க சகல, மறுக்காவும் புட்டுக்கிச்சா? ஒரு வார்த்த சொல்லீருந்தா நம்ம கடைலருந்து அஞ்சு எச்.பி. கொண்டாந்திருப்பேன். மண்டபத்துக்கே பன்னீர் அடிச்சுடலாம்.”

பதிலுக்குத் தகுதியானவர்களுக்குத்தான் அவர் பதில் சொல்வது.

கீழே இறங்கிப் போய்ப் புது மோட்டாரைப் பள்ளத்தில் பொருத்தினார். வெள்ளைக் கையைக் கட்டை விரலால் அழுத்திச் செருகினார். காலிச் சொம்போடு ஆட்டிப் பார்த்தார். ஆடியது.

ஒரு தரம். இரண்டு தரம். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“தேர்வுதான் முக்கியம்” என்றார், வாழை மரத்திடம்.

சொம்பில் பன்னீர் ஊற்றினார்கள்.

பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். முன்னால் சம்பந்தியம்மா. மேளக்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மாமனார் கூட்டத்தை விலக்கி, “மூத்த மாப்பிள்ள செஞ்சதுங்க” என்றார்.

கை உயர்ந்தது. சம்பந்தியம்மாவின் தலையில் நாலு துளி.

கூட்டம் கைதட்டியது. சம்பந்தியம்மா, இன்னொரு தரம் என்பதுபோல் தலையைக் குனிந்தாள்.

கை மறுபடி உயர்ந்தது. சொம்போடு சேர்ந்து கழன்றது. சந்தனக் கிண்ணத்தில் விழுந்தது.

சந்தனம் முழுவதும் சம்பந்தியம்மாவின் பட்டுச் சேலையில்.

மோட்டார் மட்டும் நிற்கவில்லை. இடம், வலம். இடம், வலம். ஒரு குறையும் இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

மாமனார் கூரையைப் பார்த்தார்.

மனைவி குனிந்து சொம்பை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் தெளித்தார். கோட்டும் டையுமாக, தலைப்பாகை கட்டிய ரோபோவுக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர் எல்லாருக்கும் தெளித்தார். சில குழந்தைகள் ரோபோவை விட்டுவிட்டு அவரைத் தொட்டுப் பார்த்தன.

நடுவில் ஒரு கையால் போனை எடுத்து, ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். ‘குடும்ப விழாக்களுக்கு உகந்ததல்ல.’

ரங்கராசு வந்தான். சந்தனம் அப்பிய வெள்ளைக் கையைக் கைக்குட்டையில் துடைத்து, அதன் ஓட்டை வழியே ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தான்.

“சகல, இந்த நடு ஓட்டைல என்னங்க வரும்?”

“காத்து” என்றார் அவர். “சூடு பிடிக்கக் கூடாது இல்ல?”

“அப்பச் சரி.” கையை அவர் கோட்டுப் பையில் போட்டுவிட்டு ரங்கராசு பந்திக்குப் போனான்.

கூட்டமும் போனது. வாசலில் அவரும் ரோபோவும்.

கருவிப் பையைத் திறந்தார். உறைகள் எல்லாம் வந்தபடியே இருந்தன. ஒன்றைப் பல்லால் கிழித்தார். குட்டிக் கைகளுக்கு அடியில் ஒரு திருகாணி கிடந்தது.

வெள்ளைக் கையின் ஓட்டையில் அதை வைத்துப் பார்த்தார்.

சரியாக இருந்தது.