சந்துக்குழாயின் பாய்

சொர்ணலிங்கத்தின் மண்டைக்குள் ஒரு பெரிய ரத்தக்குழாய் இருந்தது. பேச்சைப் பார்த்துக்கொள்ளும் மூளைச் செல்களுக்குச் சாப்பாடு போடுவது அதன் வேலை. பக்கத்திலேயே நூல் கனத்தில் ஒரு சந்துக்குழாய். வேலை இல்லாததால் எந்நேரமும் பாயைப் போட்டுத் தூங்கும்.

"தண்டச்சோறு! உன்னையெல்லாம் யாரு இங்க வச்சது?" என்று பெரியது தினமும் திட்டும்.

சொர்ணலிங்கம் தின்ற போண்டாக் கொழுப்பெல்லாம் பெரியதின் தொண்டையில்தான் படிந்தது. ஒரு நாள் அந்த இடத்தில் ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டது. மனிதருக்கு வாய் கோணிப் பேச்சு நின்றது. "செத்தோம்!" என்று செல்கள் அலறின.

சந்து பதறி எழுந்தது. மூச்சைப் பிடித்து, உடம்பை விரித்து, சுற்றுவழியில் கொஞ்சம் ரத்தம் கொண்டுபோனது.

"கஞ்சிதான் இருக்கு. உயிரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடங்க. பேசறதெல்லாம் அப்புறம்."

டாக்டர்கள் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும்வரை அது கஞ்சி ஊற்றியது.

அடைப்பு போனதும் பெரியது குபுகுபுவென்று பாய்ந்து வந்தது. "பாத்தீங்களா, நான் வந்ததும் எல்லாரும் எழுந்து உக்காந்துட்டீங்க! ஏய் சந்து, நான் இல்லாத நேரத்துல என் அடுப்பங்கரையில உனக்கென்ன வேலை?"

சந்துக்கு இடுப்பு கழன்றிருந்தது. பாயை விரித்தது. அதற்குள் தெம்பு வந்த செல்கள் சொர்ணலிங்கத்தின் வாயைத் திறந்து பேசவைத்தன.

"போண்டா இருக்கா?"

பெரியது பூரித்துப்போனது. சந்து, விரித்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தது.