மாலுமி மாமாவின் இரங்கல் கூட்டம்

இரங்கல் கூட்டம் தொடங்கியபோது, இறந்துபோன எழுத்தாளர் மூன்றாவது வரிசையில் கைக்குட்டையை மடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அது தெரிந்தவர் அந்தக் கூடத்தில் இன்னும் ஒருவர்தான். மேடையில் மைக்குக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்த பதிப்பாளர்.

முயல்களும் மறதிக்கார யானையும் வரும் கதைகளை அவள் பஞ்சுமிட்டாய் என்ற பெயரில் எழுதினாள். கணக்குப் புதிர் போடும்போது அவள் பெயர் கொசுறு. இரண்டும் ஒரே ஆள் என்பது ஊரறிந்த விஷயம். கப்பல் கதைகள் எழுதும் மாலுமி மாமாவும் அவள்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

மாலுமி மாமா காலமாகிவிட்டார் என்று போன மாதம் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கொடுக்கச் சொன்னவள் அவள்தான்.

"நல்லா ஓடுற பேரு. எழுத முடியலன்னா விட்டுடுங்க. எதுக்கும்மா சாகடிக்கணும்?" என்று பதிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சாகட்டும். கூட்டம் போடுங்க. நாலு பேர் வந்து பேசணும்."

செத்தபின் கிடைக்கும் புகழை உயிரோடு இருந்து பார்த்துவிட ஆசைப்படுகிறாள், வயசான காலத்தில் இப்படியும் ஒரு சபலம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நாலு பேர் அல்ல, நூலகத்தின் சிறுவர் கூடம் கொள்ளாத கூட்டம். பிள்ளைகள் செய்த காகிதக் கப்பல்கள் கூரையிலிருந்து தொங்கின. பிற்பகல் வெயில் நீலத் திரைச்சீலை வழியாக உள்ளே வந்ததால், எல்லோரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. பேசியவர்களின் குரல்கூட எங்கிருந்தோ மிதந்து வந்தது.

பல் மருத்துவர் ஒருவர் பேசினார். திமிங்கிலத்துக்குப் பல்வலி வந்த கதையைப் படித்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தாராம். இதுவரை ஒரு திமிங்கிலமும் வைத்தியத்துக்கு வரவில்லை என்றார்.

கூடம் சிரித்தது. சிரித்த கையோடு மூக்கையும் உறிஞ்சிக்கொண்டது.

அடுத்து ஒரு பள்ளி ஆசிரியை. "எவ்ளோ பெரிய புயல் அடிச்சாலும் அவர் கதையில கப்பல் மூழ்காதுங்க. அது பிள்ளைங்களுக்கும் தெரியும். அதனாலதான் பாதிக் கதையிலயே நிம்மதியா தூங்கிடுவாங்க."

பதிப்பாளருக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு கதையிலாவது கப்பலைக் கவிழ்த்தால் விறுவிறுப்பாக இருக்குமே என்று கேட்டுப் பார்த்தவர் அவர். எந்தத் திருத்தத்துக்கும் மறுப்புச் சொல்லாதவள், அன்றைக்கு மட்டும் கையெழுத்துப் பிரதியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மௌன அஞ்சலிக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

நாற்காலிகளின் சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் சுற்றியது.

பிறகு ஒரு கேவல் கேட்டது.

பதிப்பாளர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். மூன்றாவது வரிசையில் அவள் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று முதலில் நினைத்தார். பிறகு அவள் தோள்களைப் பார்த்துவிட்டுத் திறந்த கண்ணை மூடிக்கொண்டார்.

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு புயலுக்குப் பிறகு கப்பலும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

விஷயத்தைச் சொல்ல வந்தவர்களை அம்மா வீட்டுக்குள்ளேயே விடவில்லை. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் என் பிள்ளைக்காக இந்த வீட்டில் ஒருத்தரும் அழக்கூடாது என்றாள். அப்பா அழவில்லை. அவளும் அழவில்லை. துக்கம் கேட்க வந்த உறவுகள் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. அவளைத் தூங்க வைக்கத்தான் மகள் முதல் கப்பல் கதையை எழுதி வாசித்துக் காட்டினாள். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள்.

"அப்போ இப்ப எந்தத் துறைமுகத்துல இருக்கானாம்?"

அதற்குப் பிறகு கப்பல்கள் கரை சேர்ந்துகொண்டே இருந்தன. அண்ணனுக்கும் கதைக்குக் கதை வயதாகிக்கொண்டே போனது.

இந்த வருடத் தொடக்கத்தில் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். எந்தத் துறைமுகம் என்று கேட்க இனி ஆள் இல்லை.

கூட்டம் முடிந்தது. ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். கூட எழுதியவர் போய்விட்டால் வருத்தமாகத்தான் இருக்கும் என்றார்கள். கடைசியாக ஒருவர் வந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவராம். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

"நான் அவரை நேர்லயே பாத்திருக்கேன்மா. துறைமுகத்துக்கிட்ட ஒரு டீக்கடையில. மழைக்கு ஒதுங்கினோம். நல்லாப் பேசினார்."

பக்கத்தில் நின்ற பதிப்பாளர் இருமினார். அண்டப்புளுகு என்பது அவருக்குத் தெரியும். ஆளை மெதுவாக நகர்த்திவிடலாம் என்று ஓரடி முன்னால் வந்தார்.

அவள் அந்த மனிதரின் மணிக்கட்டை விடவில்லை.

"தலை நரைச்சிருந்துதா?"

அவர் யோசித்தார். அந்த முகத்தை உண்மையாகவே தேடுகிறவர்போல யோசித்தார்.

"முழுக்க நரைச்சிருந்தது. ஆனா முடி கொட்டல."

"எங்க அப்பாவுக்கும் அப்படித்தான்" என்றாள் அவள்.

பிறகு அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, மழை எவ்வளவு நேரம் பெய்தது என்று கேட்டாள்.