மாறி ஒட்டிய வசனம்

பத்திரிகை அலுவலகத்தின் ஜன்னலோர மேசையில் சாயங்கால வெயில் சரிந்து கிடக்கிறது. வெளிநாட்டுப் படக்கதையின் பக்கங்களில் வசன பலூன்கள் வெறுமையாக இருக்கின்றன. மொழிபெயர்த்து அச்சடித்த வசனங்களைத் துண்டு துண்டாக வெட்டி அவற்றில் ஒட்டுவதுதான் அம்மாவின் வேலை. பள்ளி விட்டு வந்த மகள் எதிர் நாற்காலியில் முட்டி போட்டுக்கொண்டு, ஒட்டி முடித்த பக்கத்தை வாய்விட்டுப் படிக்கிறாள். "இது எங்கள் தீவு. திரும்பிப் போ." அம்மாவின் கை நின்றுவிடுகிறது. படத்தில், கப்பலிலிருந்து இறங்கிய பொன்னிறத் தலைமுடி வீரன் கரையில் கொடி நடுகிறான். ஈட்டியோடு எதிரே நிற்கும் கறுத்த மனிதன் பேச வேண்டியதை அந்த வீரனின் வாயில் ஒட்டியிருக்கிறாள். கறுத்தவனோ, "உங்களைக் காப்பாற்றவே வந்திருக்கிறேன்" என்கிறான். "சார், ரெண்டு வசனம் மாறிப்போச்சு." பத்திரிகை ஆசிரியர் எழுந்து வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிகிறார். இரண்டு தடவை படிக்கிறார். "எங்கயும் இடிக்கலையேம்மா," என்கிறார். சொன்ன பிறகு அவர் முகமே ஒரு மாதிரி ஆகிறது. மின்விசிறிக் காற்றில் பக்கத்தின் ஓரம் எழுந்து எழுந்து படிகிறது. அவள் கத்தி முனையைத் துண்டின் அடியில் கொடுத்து மெல்லத் தூக்குகிறாள். "ஏம்மா பிக்கறே?" "தப்பா ஒட்டிட்டேன்டி. தீவு அந்த ஈட்டிக்காரனோடது." மகள் அந்தக் கறுத்த முகத்தின் மேல் விரல் வைக்கிறாள். முகமும் விரலும் ஒரே நிறம். "இல்லம்மா." விரலை வீரன் பக்கம் நகர்த்துகிறாள். "கொடி இவருகிட்டதானே இருக்கு." அம்மா ஆசிரியரைப் பார்க்கிறாள். ஆசிரியர் படத்தையே பார்க்கிறார். துண்டு பாதி எழும்பி நிற்க, பசை காய்ந்துகொண்டிருக்கிறது.