மூன்றாவது அளவு

‘இந்தப் பெண்ணின் விரல் ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது? காலையில் ஒரு வாய் டீயாவது குடித்தாளா, இல்லையா?’

மங்கம்மாள் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றாள். மலைமேல் இருந்த புதூர்நாட்டுப் பள்ளி வகுப்பறையின் சன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தும் குளிர் உள்ளே வந்தது. கையில்லாத பனியனும் அரைக்கால்சட்டையுமாக நின்ற அவளுடைய நாற்பத்தெட்டு வயது உடம்பு முழுக்கப் பேனாவால் வைத்த சிறு சிறு குறிகள்.

“வலிக்குதாக்கா?” என்றாள் ஜூடி.

“கிள்றதுக்கே வலிச்சா வெறகு எப்படி சொமக்கறது? நீ பாரு பாப்பா.”

அளவுகளை எழுதிக்கொண்டிருந்த கல்பனா சிரித்தாள். “நேத்து பயிற்சியில ஒருத்தர் கூச்சம் தாங்காம எழுந்து ஓடியே போய்ட்டாருக்கா. நீங்க சிலை மாதிரி நிக்கறீங்க.”

விளையாட்டு வீரர்களின் உடலை அளப்பதற்கென்றே ஓர் உலகச் சங்கம் இருக்கிறது. எந்த நாட்டில் அளந்தாலும் ஒரே இடத்தில், ஒரே விதமாக அளக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அந்தச் சங்கத்தின் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வு இன்று. கணியம்பாடியிலிருந்து வந்திருக்கும் ஜூடி ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். வேலூரில் ஒரு விளையாட்டு விடுதியில் அவளுக்கு வேலை காத்திருந்தது. சான்றிதழோடு வந்தால்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

தேர்வு முகாமை நடத்தும் தனசேகரன் காலையில் அவசரமாக வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“எக்ஸாமினர் மேடம் வந்துட்டாங்க. அளவெடுக்க நிக்கறேன்னு ஒத்துக்கிட்ட அம்மா புளி உலுக்கப் போய்ட்டாங்களாம். அதான் இவங்க நிக்கறாங்க. மங்கம்மாக்கா, இந்த ஊருதான். பதினோரு மணிக்கு அளவு எழுதின தாளைக் குடுத்துடணும்.”

அப்போதிருந்து ஜூடியின் பார்வை, எதிரே சாத்தியிருந்த அலுவலக அறைக் கதவுக்கே போய்ப் போய் வந்தது.

“அந்த மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்டாம்டி,” என்றாள் கல்பனா. “போன தடவை எட்டு பேர்ல அஞ்சு பேரை ஃபெயில் பண்ணாங்களாம்.”

“இப்ப ஏன்டி சொல்ற? நானே பயந்துட்டு இருக்கேன்.”

“அந்தம்மா வூட்டுல அன்னிக்கு இன்னா சண்டையோ!” என்றாள் மங்கம்மாள்.

மூவரும் சிரித்தார்கள். ஜூடியின் விரல்கள் சற்றே இளகின. மங்கம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

எல்லா இடத்தையும் ஒரு சுற்று அளந்து முடித்து, மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். இது இரண்டாவது சுற்று. ஜூடி மேற்கையின் பின்புறத் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் தூக்கி, மடிப்பின் தடிமனை மில்லிமீட்டரில் காட்டும் காலிப்பரை வைத்தாள்.

“பதினஞ்சு புள்ளி ஆறு.”

“பதினஞ்சு புள்ளி ஆறு,” என்று வழக்கப்படி திருப்பிச் சொன்ன கல்பனா குரலைத் தாழ்த்தினாள். “முதல் சுத்துல பதிமூணு புள்ளி எட்டுடி. ரொம்ப வித்தியாசம். மூணாவது தடவை அளக்கணும். இன்னும் தொடை, கெண்டைக்கால் எல்லாம் இருக்கு. மணி பத்தே முக்கால்.”

ஜூடி காலிப்பரை எடுத்துவிட்டு அலுவலக அறைக் கதவைப் பார்த்தாள்.

“பேசாம பதிமூணு புள்ளி ஒன்பதுன்னு திருத்திடறேன். யாருக்குத் தெரியப் போவுது? அக்கா போய்ச் சொல்லப் போறாங்களா?”

இருவரும் மங்கம்மாளைப் பார்த்தார்கள்.

ஜூடியின் பிடி, குறியை விட்டு ஒரு விரல் அளவு கீழே இறங்கியிருந்ததை மங்கம்மாளின் தோல் சொன்னது. ‘மேலே பிடி கண்ணு’ என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். இவள் என் வயிற்றில் பிறந்தவளாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று நினைத்தாள். சொல்லியிருப்பாள். அந்த நினைப்பு அவளுக்கே வெட்கமாக இருந்தது. சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

ஜூடி உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்து, வாயருகே வைத்து ஊதினாள்.

“வேணாம்டி. போனா போவட்டும். அளக்காததை எழுத வேணாம்.”

இம்முறை குறியைத் தேடித் தொட்டு, சரியாக அதன்மேலேயே பிடித்தாள். விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன.

“பதினாலு.”

“பதினாலு.”

கடைசி அளவை எழுதும்போது தனசேகரன் வாசலில் நின்றார். தாளை வாங்கிக்கொண்டு அலுவலக அறைப் பக்கம் போனார். கல்பனா தண்ணீர் குடிக்கப் போனாள். மங்கம்மாள் மறைப்புக்குப் பின்னால் போய்ப் புடவை கட்டிக்கொண்டு வந்தபோது, ஜூடி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“போச்சுக்கா. நிறைய இடத்துல திரும்பத் திரும்ப அளந்துட்டேன். அந்த மேடம் விட மாட்டாங்க.” பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். “எனக்கு சோறு எறங்காது. நீங்க காலைலேர்ந்து நிக்கறீங்க. எலுமிச்சை சாதம், முட்டை இருக்கு. அம்மா கட்டிக் குடுத்தாங்க. சாப்பிடுங்க.”

விடிவதற்கு முன் சாமைக் கூழ் குடித்ததோடு சரி. மங்கம்மாளுக்கு நல்ல பசி. டப்பாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மூடியை அழுத்திச் சாத்தி, ஜூடியின் மடியிலேயே வைத்தாள்.

“வேணாம் பாப்பா.”

ஜூடியின் முகம் சுருங்கியது. “ஏன்க்கா? எங்க வூட்டு சோறு சாப்பிட மாட்டீங்களா?”

“ஐயோ, அதில்ல கண்ணு,” என்றாள் மங்கம்மாள் மெதுவாக. “உன் சர்டிபிகேட்ல இன்னும் நான் கையெழுத்து போடல. போடற வரைக்கும் எக்ஸாமினர் உன் கையால தண்ணிகூட வாங்கக் கூடாது.”