பத்னோம் குப்பி

சீதோன் துறைமுகத்துக் கண்ணாடிப் பட்டறையில் அரிஷாத்துக்குக் களிமண் அச்சு செதுக்கும் வேலை. குப்பியில் படியவேண்டிய திராட்சைக் கொடியைக் குழிவாகச் செதுக்கி, நடுவில் முதலாளி தெயோனின் பெயரை இடவலமாகத் திருப்பி எழுதுவாள். மகள் பத்னோம் காய்ச்சலில் போன மறுமாதம், யாரையும் கேட்காமல் அச்சின் மறுபக்கத்தில் அவள் பெயரையும் செதுக்கிவிட்டாள்.

கண்ணாடி ஊதும் ஹன்னோ, உருகிய கண்ணாடியைக் குழாய் நுனியில் எடுத்து அந்த அச்சுக்குள் விட்டு ஊதினான். மறுநாள் காலை, ஆறிப்போன நீலக் குப்பியைத் தெயோன் வெயிலில் திருப்பிப் பார்த்தான்.

“பத்னோமா? யாரும்மா அது?”

அரிஷாத் முன்னால் வந்தாள். “என் பொண்ணு பேரு ஐயா.”

“உடைச்சு உலையில போட்டுரட்டுமா?” என்று கேட்டான் ஹன்னோ.

தெயோன் புடைத்து நின்ற எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான். அதற்குள் சரக்கு எடுக்க வந்த கப்பல்காரர் குப்பியைக் கையில் வாங்கிப் படித்துவிட்டார்.

“யாரு இந்தப் பத்னோம்?”

தெயோன் அரிஷாத்தை ஒருமுறை பார்த்தான். “எங்க ஊர்த் தேவதை. கடல்ல போறவங்களுக்குத் துணை.”

கப்பல்காரர் குப்பியை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். “இதே மாதிரி எத்தனை இருந்தாலும் குடுங்க.”

ஹன்னோ மறுபடி குழாயை உலைக்குள் விட்டான். அரிஷாத் தன்னையறியாமல் கைகூப்பி நின்றாள். அச்சு திறந்த ஒவ்வொரு முறையும், தணல்போல் ஒளிர்ந்தபடி, பத்னோம் வெளியே வந்துகொண்டிருந்தாள்.