இரண்டாவது கோடு

எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு மனிதர் மட்டும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை.

கடற்பசு பார்க்க அவள் கூட்டிவந்த ஆறு பேரில் அவரும் ஒருவர். மற்ற ஐந்து பேரும் விடுமுறைக்கு வந்தவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, படகின் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டு எங்கே எங்கே என்று கிசுகிசுப்பு. இவர் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு பின்பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

படகு ஆடியபோது மற்றவர்கள் எதையாவது பிடித்தார்கள். அவர் எதையும் பிடிக்கவில்லை.

கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலின் மடிப்பில் தூண்டில் நரம்பு அறுத்த பழைய தழும்பு.

ஏறும்போது கோயம்புத்தூரில் துணிக்கடை என்று சொன்னவர்.

இந்தப் படகில் அவள் வைத்ததுதான் சட்டம். இன்ஜினைத் தூரத்திலேயே அணைத்துவிட வேண்டும். அப்புறம் கம்பு ஊன்றித்தான் வர வேண்டும். கத்தக் கூடாது. தண்ணீரில் எதையும் போடக் கூடாது. எல்லோருடைய போனும் மூடி போட்ட வாளிக்குள் போய்விடும்.

நாலு வருடத்துக்கு முன்னால் வாளி கிடையாது. யாரோ எடுத்த படம் இடத்தின் பெயரோடு ஊரெல்லாம் சுற்றியது. அதைப் பார்த்துவிட்டு வலையோடு வந்தவர்கள் ஒரு கடற்பசுவைக் கொன்று இறைச்சியை எடுத்துக்கொண்டு போனார்கள். கரையில் ஒதுங்கிய தலையை முதலில் பார்த்தது அவள்தான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் கடைக்குப் போய் வாளி வாங்கினாள்.

இன்றைக்கு மற்றவர்கள் போனைக் கொடுக்க மூக்கால் அழுதார்கள். இவர் கேட்பதற்கு முன்பே நீட்டினார்.

அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்சம் தள்ளி, கடல்புல் கறுத்துத் தெரிந்த இடத்தில் தண்ணீர் விலகியது. இரண்டு மூக்குத் துவாரங்கள் மேலே வந்து மூச்சு விட்டன. பக்கத்திலேயே இன்னும் சின்னதாக இரண்டு.

“ஆவுளியா குட்டியோட வந்திருக்கு மதினி,” என்றான் கம்பு பிடித்திருந்த அவள் கொழுந்தன் இன்னாசி. கடற்பசுவுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர்.

குட்டியை அவளும் இன்றுதான் பார்க்கிறாள். நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும்.

அந்த மனிதர் திரும்பவேயில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பாசி எடுக்க இருபது வருடம் இந்தக் கடலில் முங்கியவள் அவள். கடலில் இடம் குறிக்கப் போன் எதற்கு? கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று மறைத்தால் ஒரு கோடு. வேறொரு பக்கம் அதே மாதிரி இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வரலாம்.

மாதா கோவில் கோபுரம். அதை மறைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி.

முதல் கோடு அவருக்குக் கிடைத்துவிட்டது.

இரண்டாவதைத் தேடிக்கொண்டிருந்தார். பனைகளைப் பார்த்தார். ஐஸ் கம்பெனியைப் பார்த்தார். செல்போன் டவரில் அவர் பார்வை கொஞ்சம் நின்றது. சரிவரவில்லை போல. நகர்ந்தது.



“இன்னாசி, படக எடு.”

“இப்பத்தான மதினி மேல வந்திருக்கு.”

“எடுன்னா எடு.”

இன்னாசி முனகிக்கொண்டே கம்பை இறக்கினான். படகு திரும்ப ஒரு நிமிடமாவது ஆகும். அதற்குள் கண்டுபிடித்துவிடுவாரா?

மாட்டார். அவளுக்கே அந்த இரண்டாவது கோடு பிடிபட நாலு வருடம் ஆனது. வெளியூர் ஆளுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. இங்கிருந்து பார்த்தால் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது.

தெரிகிறதா என்ன?

ஒரே ஒரு பார்வைதான் பார்த்தாள். இடிந்த படகுத்துறையின் கடைசித் தூண். அதன் பின்னால் சாய்ந்த பூவரசு. ஒன்றன் மேல் ஒன்றாக, எப்போதும் போல அப்படியே இருந்தன.

கண்ணைத் திருப்பினாள்.

அவர் கரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார். அவசரமே இல்லாமல்.

அதற்கப்புறம்தான் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

“அட, குட்டியும் இருக்கு போல,” என்றார்.

வாளியின் மூடியை அவள் இன்னும் காலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.