இரு பக்கமும் படிக்கும் பாதை

கியோஸ் தீவின் மாலை வெயில் எங்கள் முற்றத்து எலுமிச்சைத் தொட்டிகளின் மேல் சாய்ந்திருக்கிறது. என் மனைவி மார்க்கெல்லா மண்டியிட்டு, வெளிக்கதவிலிருந்து வாசல்வரை நாங்கள் போட்ட நடைபாதையின் ஈரச் சுண்ணாம்பில் கடைசிக் கறுப்புக் கூழாங்கல்லைக் கட்டைவிரலால் அழுத்துகிறாள். வெள்ளைக் கற்களுக்கு நடுவே நான்கு கறுப்பு வார்த்தைகள்: காப்பி உண்டு, கோபம் வேண்டாம். சின்ன வயதில் அவளும் அவள் அண்ணன் ஸ்தமாதிஸும் ஆடிய விளையாட்டு இது; எந்த முனையிலிருந்து வார்த்தைகளைப் படித்தாலும் வாக்கியம் பிசகக் கூடாது. அவர்கள் அம்மாவின் தோப்பைப் பங்கு போட்ட நாளிலிருந்து அவர் இந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. இப்போது வெளிக்கதவருகே நிற்கிறார், கையில் காலிப் பை, சந்தைக்குப் போகிறாராம். சந்தை இருப்பது எதிர்த்திசையில்.

"நாலே வார்த்தையா? கஞ்சப் பிசினாறி!"

"கறுப்புக் கல்லு அவ்வளவுதாண்ணே கிடைச்சுது."

"இங்கேருந்து சரியாத்தான் இருக்கு. அந்தப் பக்கமிருந்து படிச்சா தேறுமா?"

தேறும் என்று சொல்ல நான் வாயெடுக்கிறேன். மார்க்கெல்லா சுண்ணாம்புக் கையால் என் காலைக் கிள்ளுகிறாள்.

"எனக்கென்ன தெரியும்? வந்து படிச்சுப் பாரேன்."

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லை மிதிக்காமல் தொட்டிகளை உரசிக்கொண்டு ஓரமாக நடக்கிறார். எலுமிச்சை இலை மணக்கிறது. வாசற்படியில் திரும்பி நின்று, தலையைச் சாய்த்து, உதடு அசையப் படிக்கிறார்: வேண்டாம் கோபம், உண்டு காப்பி.

"கோபப் பாதி சரிதான்டி," என்று படியிலேயே உட்காருகிறார். "காப்பிப் பாதியை அடுப்புல ஏத்திட்டியா?"